19 ஆம் நூற்றாண்டுக் கண்டியில் வன்முறையும் அகால மரணமும்

இலங்கையின் சட்ட வழக்கில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்றொரு பதவி உண்டு. ஊரில் ஒருவன் வெட்டுண்டோ, நீரில் மூழ்கியோ, காரணம் விளங்காத வகையிலோ இறப்பின், உடலை நேரிற் கண்டு, சாட்சியம் பதிந்து, மரணத்தின் காரணத்தைக் கூறுவது அவ்வதிகாரியின் கடமையாகும். எந்த மனிதனும் கேட்பாரின்றி இறத்தல் தகாது என்னும் கொள்கையே இப்பதவிக்கு அடிப்படை. இக்கொள்கையை உரைகல்லாகக் கொண்டு 19 ஆம் நூற்றாண்டுக் கண்டிப் பிரதேசத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வாளாலும் துப்பாக்கியாலும் தூக்குக் கயிற்றாலும் மாண்டோர் வரலாற்றிற் பெயர் பெற்றனர். அவர்களினும் பன்மடங்கு தொகையினராய்ப் பசியாலும் நோயாலும் மாண்டோர் பெயர் பெறாததோடு, சரியான கணக்கும் பெற்றிலர்.

கண்டி நகருக்குக் கிழக்கே மகாவலி கங்கையின் வளைவில் அமைந்தது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் அங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை அரசன்' எனப் பெயர் பெற்றான். மதுரையிலிருந்து பெண்கொண்ட அம்மன்னனுக்குப் பின், அரசியின் வழியே நாயக்கர் குலம் கண்டிச் சிம்மாசனம் ஏறியது. அந்த உறவின் பயனாகவே, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இவ்வாற்றங்கரை ஒரு பெருங்கொலைக்குக் களமாயிற்று.

1803 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஆங்கிலப் படை கண்டியைக் கைப்பற்றியது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரை விட்டு நீங்கவே, தேசாதிபதி நோர்த், அரசுரிமை கோரிய நாயக்க இளவரசன் முத்துசாமியை அரியணை ஏற்றினான். நாட்டு மக்களோ அவனை ஏற்றிலர். மேஜர் டேவியின் தலைமையில் விடப்பட்ட காவற்படையைக் காய்ச்சல் நாள்தோறும் கொண்டுசென்றது. ஜூன் 24 ஆம் திகதி கண்டிப் படை தாக்கியபோது டேவி பணிந்தார். திருகோணமலைக்குச் செல்ல இசைவு பெற்ற படையினர், முத்துசாமியுடன் குண்டசாலைக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவத் துறையை அடைந்தனர். ஆறு கரைபுரண்டு ஓடிற்று; கடக்க வழியில்லை. அங்கே முத்துசாமியை ஒப்படைக்குமாறு அரசன் ஆளனுப்பினான். முதலில் மறுத்த டேவி, ஈற்றில் இணங்கினார். ஆங்கிலேயரின் வாக்குறுதியை நம்பி வந்த அவ்விளவரசன் கொல்லப்பட்டான்.

ஆயின் அவனைக் கைவிட்டமையால் படையினர் உயிர் தப்பினாரல்லர். ஜூன் 26 ஆம் திகதி அவர்கள் ஆயுதங்களை இழந்து, இரண்டிரண்டு பேராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டனர். நகரில் நோயுற்றுக் கிடந்த படைவீரரும் கொலையுண்டனர். மலாய்ப் படைத்தலைவர் நூறுதீன் அரசன் பணியில் அமர மறுத்து மாண்டார். கோப்ரல் பார்ன்சிலி என்பவர் கழுத்தில் வெட்டுக்காயத்துடன் தப்பி, மாத்தளைப் பக்கத்திலிருந்த மக்டவல் கோட்டையை அடைந்து நடந்ததைக் கூறினார். கைதியான டேவி பல்லாண்டு கழித்துக் கண்டியிலேயே இறந்தார். இந்நிகழ்ச்சியின் நாளும் துறையும் ஆட்களின் பெயரும் இன்றளவும் நூல்களில் உள. சாட்சி ஒருவன் தப்பியமையும், மாண்டோருக்காகக் கணக்குக் கேட்க ஒரு பேரரசு இருந்தமையுமே அதற்குக் காரணம்.

1815 மார்ச் 2 ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், முந்திய ஆட்சியின் கொடுமையைக் காரணமாகக் காட்டியே அதனை நீக்கியது. சித்திரவதையும் அங்கச்சேதமும் அதனால் ஒழிக்கப்பட்டன. தேசாதிபதியின் எழுத்தாணையின்றி மரணதண்டனை நிறைவேறலாகாது எனவும் விதிக்கப்பட்டது. உயிரின் மதிப்பை உயர்த்திய விதிகள் இவை. அதே ஒப்பந்தத்தின் மற்றொரு பிரிவு, வீழ்ந்த அரசனின் ஆண் உறவினர் கண்டி நாட்டுள் புகுதலைத் தடுத்ததோடு, அங்கிருந்து அகற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனுமதியின்றி மீளுதலையும் தடுத்தது. மலபார் என்னும் சொல்லால் அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையே பெரிதும் குறித்தனர். இத்தடை எழுதப்பட்டு முப்பது ஆண்டு நிறையுமுன், அதே அரசாட்சியின் கீழ், தமிழ்நாட்டு மக்கள் பல்லாயிரவராய் இம்மலைகளுக்கு அழைக்கப்பட்டனர். அவர்தம் கதையைக் கூறுமுன், ஒப்பந்தத்தின் விதிகள் எவ்வாறு காக்கப்பட்டன என்பதை நோக்குதல் தகும்.

1817, 1818 ஆம் ஆண்டுகளின் பெருங்கிளர்ச்சி இராணுவச் சட்டத்தாலும், வயல்களையும் வீடுகளையும் அழித்ததாலும் அடக்கப்பட்டது. படை மருத்துவராயிருந்த ஜோன் டேவி, கண்டியர் தரப்பில் 10,000 பேர் வரை மாண்டிருத்தல் கூடும் என மதித்தார். அவருட் பெரும்பாலோர் ஆயுதத்தால் மாத்திரமன்றிப் பசியாலும் பிணியாலும் இறந்தோர். அவர்தம் பெயர்கள் எஞ்சவில்லை. தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26 ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது மண்டையோடு 1948 இல் நாடு திரும்பி, 1954 இல் கண்டியில் நினைவுச் சின்னத்துள் வைக்கப்பட்டது. தலைவனின் தலை 130 ஆண்டின் பின்னும் வீடு திரும்பிற்று. அவனோடு பட்டினியால் மாண்ட குடியானவனின் ஊர்ப்பெயரும் திரும்பவில்லை.

1848 ஆம் ஆண்டு புதிய வரிகளை எதிர்த்து எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியில், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பினால் 18 பேர் உயிரிழந்தனர். வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் குடாபொல தேரர் துறவாடையுடனேயே சுடப்பட்டார். இச்செயல் இங்கிலாந்தில் பெருங்கண்டனத்தை எழுப்பிற்று. பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரணை நடத்தியது. தேசாதிபதி டொரிங்டன் 1850 இல் பதவி நீங்க நேர்ந்தது. பதினெண்மர் உயிருக்காக ஒரு பேரரசு தன் தேசாதிபதியையே கணக்குக் கேட்டது எனின் அது சிறப்பே.

சாதாரணக் குற்ற வழக்கிலும் இம்முறைமை வளர்ந்தது. 1864 மார்ச் 21 ஆம் திகதி, உதுவன்கந்தைக் கள்வன் சரதியேலைப் பிடிக்கச் சென்ற பொலிஸ்காரர் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். சரதியேலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, மே 7 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டனர். கடமையில் உயிர் நீத்த முதற் பொலிஸ்காரராகச் சபான் இன்றும் மார்ச் 21 ஆம் திகதி நினைவுகூரப்படுகின்றார். கொலையுண்டவன், கொன்றவன், நாள், தீர்ப்பு யாவும் அரசின் ஏட்டில் உள.

இனி அவ்வேட்டின் எழுதாப் பக்கத்தைக் காண்போம். 1837 இல் இலங்கை வந்த ஆர். பி. டைட்லர், யமேக்காவிற் கற்ற கோப்பிச் செய்கை முறையை ஈண்டுப் பரப்பினார். அதன்பின் குண்டசாலையை அடுத்த தும்பறைப் பள்ளத்தாக்கிலும் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்க வந்தோர் தமிழ்நாட்டு மாவட்டங்களின் வறிய மக்கள். 1844 ஆம் ஆண்டில் மாத்திரம் 76,000 பேருக்கு மேல் வந்தனர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னே, வரண்ட காட்டினூடே மாத்தளை வரை 130 மைல் அளவு நடத்தல் வேண்டும். நீர் அரிது, தங்குமிடம் அரிது. வாந்திபேதியும் வைசூரியும் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க மாட்டாதவன் வழியோரத்தில் விடப்பட்டான். கூட்டம் மேலே சென்றது. மலையை அடைந்தோரையும் குளிரும் ஈரமும் பழகாத உணவும் வருத்தின.

1849 ஆம் ஆண்டு 'கொழும்பு ஒப்சேவர்' இதழ், 1841 முதல் அதுவரை ஏறத்தாழ 70,000 தொழிலாளர், அதாவது வந்தோரில் நூற்றுக்கு 25 பேர், மாண்டனர் என எழுதியது. இத்தொகையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஏற்றனர். சிலர் மிகையென மறுத்தனர். வந்தோரிலிருந்து திரும்பியோரையும் தங்கியோரையும் கழித்து எஞ்சியோரை இறந்தோராகக் கொள்ளும் கணக்கு, திரும்பியோர் பதிவு பழுதுபட்டதாயின் தானும் பழுதுபடும் என்பது அவர் வாதம். வாதம் பொருத்தமானதே. எனினும் இவ்வாதம் எழ நேர்ந்தமையே ஒரு சான்றாகும். பதினெண்மர் மரணத்தைப் பாராளுமன்றம் ஆராய்ந்த அதே ஆண்டிலே, பல்லாயிரவர் இறந்தனரா, ஊர் திரும்பினரா என்பதை அறிய அரசிடம் நம்பத்தக்க ஏடு இல்லை!

இதற்குக் காரணம் தனிமனிதர் கொடுமை மாத்திரமன்று. கொலையெனின் கொன்றவன் உண்டு. அவனைத் தேடுதல் சட்டத்தின் தொழில். வழிநடையில் நேர்ந்த சாவுக்கோ கொன்றவன் இல்லை. தொழிலாளர் தம் விருப்பத்தின்படி வருவோர் என அரசு கருதியது. தோட்டத்தை அடையாதவன் துரையின் ஏட்டில் ஏறவில்லை. கங்காணிக்கோ அவன் திரும்பி வராத முற்பணம். மூவரிடையே பங்கிடப்பட்ட பொறுப்பு ஒருவருக்கும் உரியதாகாது ஒழிந்தது. திடீர் மரணத்தைத் தேடிய சட்டத்தின் கண்ணில், நாட்கணக்காய் மெல்ல மெல்ல நேர்ந்த மரணம் படவில்லை.

காலம் செல்லச் சில திருத்தங்கள் வந்தன. 1867 இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1871 இல் முதற் குடிசன மதிப்பு நடைபெற்றது. 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய சட்டம் பிறந்தது. எண்ணப்பட்ட பின்னரே உயிர் காக்கப்படும் என்பதற்கு இவ்வரிசை தக்க எடுத்துக்காட்டாகும்.

அகால மரணம் அடைந்தோருக்கும் நீர்க்கடன் ஆற்றுதல் இந்துக்கள் மரபு. அதற்கு இறந்தவனின் பெயரும் குலமும் திதியும் வேண்டும். வடவழியில் மாண்டோருக்கு இம்மூன்றும் கிடைத்தில. அவர்தம் துயர் மலைநாட்டு நாட்டார் பாடல்களிலே மாத்திரம் தங்கிற்று. வட்டபுளுவத் துறையில் மாண்டோரைப் பற்றி ஆராய நூல்கள் பல உள. அத்துறைக்கு அப்பாலுள்ள மலைச்சாரலைத் தேடி நடந்து, அதனை அடையாது வீழ்ந்தோரைப் பற்றி ஆராய, தோட்டப் பதிவேடுகளும் துறைமுகக் கணக்குகளும் முதியோர் வாய்மொழியும் ஒருங்கு திரட்டப்படல் வேண்டும். கண்டி மண்ணில் வரலாறு பயிலும் மாணவருக்கு இதனினும் அணுக்கமான பணி வேறில்லை.