வழங்கியவர் யார்?

வரலாற்றுத் தேர்வுத்தாளில் என்னை எப்போதும் உறுத்தும் ஒரு சொல் உண்டு: வழங்கியவர். 'பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியவர் யார்?' என்று கேட்போம். ஒரு பெயரை எழுதினால் ஒரு மதிப்பெண். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் கேட்டேன். அர்ஜென்டினாவின் வரலாற்றைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை.

அங்கே அதற்குப் பழக்கமான விடை ஏவா பெரோன். அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி. 1947 செப்டம்பர் 23 அன்று அதிபர் மாளிகையில், திரண்டிருந்த கூட்டத்தின் முன் வாக்குரிமைச் சட்டத்தைக் கையில் வாங்கியவர் அவர்தான்.

ஆனால் 1911-லேயே மருத்துவர் ஹூலியெத்தா லாந்தெரி புவெனஸ் அயர்ஸ் நகரசபைத் தேர்தலில் வாக்களித்திருந்தார். 1932-ல் கீழவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை கிடப்பில் போட்டது. சோஷலிஸ்ட் தலைவர் அலிசியா மொரோ பல பத்தாண்டுகள் இதற்காகவே பேசியும் எழுதியும் வந்தார்.

1945-ல் பெரோன் ராணுவ அரசின் துணை அதிபர். அந்த அரசு ஓர் ஆணையின் மூலம் பெண்களுக்கு வாக்குரிமை தர முனைந்தது. எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போ தலைமையில் கூடிய பெண்கள் அதை மறுத்தார்கள். தாகூர் 'விஜயா' என்று அழைத்த அதே ஒகாம்போதான். நேர்மையான தேர்தலில் அமையும் நாடாளுமன்றமே அந்த உரிமையைச் சட்டமாக்க வேண்டும் என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால், வீட்டுவேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வசதியான சீமாட்டிகள் இன்னும் கொஞ்சம் பொறுத்திரு என்று சொல்வதைப் போலத்தானே? அந்த இடைவெளியில்தான் ஏவா நின்றார். 1949-ல் பெரோனியப் பெண்கள் கட்சியைத் தொடங்கினார். 1951 நவம்பர் 11 அன்று பெண்கள் முதல்முறையாக நாடு முழுவதும் வாக்களித்தபோது, நோயுற்றிருந்த ஏவா மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே வாக்களித்தார். 23 பெண்கள் கீழவைக்கும் 6 பேர் மேலவைக்கும் தேர்வானார்கள். அத்தனை பேரும் பெரோனியர்கள். வாக்குரிமைக்காக முதுமை வரை உழைத்தவர்கள் மறுதரப்பில் நின்றார்கள். 1953-ல் ஒகாம்போவை அரசு 26 நாட்கள் சிறையில் வைத்தது.

1955 செப்டம்பரில் ராணுவம் பெரோனை வீழ்த்தியது. மறு ஆண்டு வந்த ஆணை எண் 4161, பெரோன், ஏவா ஆகியோரின் பெயரைச் சொல்வதையும் படத்தை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. பெயர்களோடு உரிமைகளும் போயின. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் சமம் என்ற 1949 அரசியலமைப்பு செல்லாது என்றார்கள். 1954-ல் வந்திருந்த விவாகரத்துச் சட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கொடுங்கோலன் ஒழிந்தான் என்று மகிழ்ந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பிள்ளைகள் மீது தாய்க்கும் சம உரிமை தரும் சட்டத்துக்கு 1985 வரையும், விவாகரத்துக்கு 1987 வரையும் அந்நாட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள்.

ஒகாம்போவைக் குறை சொல்வதும் ஏவாவைத் தெய்வமாக்குவதும் எளிது. இரண்டையும் நான் செய்யப்போவதில்லை. தலைவரின் முகம் ஒட்டப்பட்ட உரிமை அவரோடு சேர்ந்தே விழும் என்பதுதான் எனக்குப் படுகிறது. ஒரு தரப்பு அதைப் பரிசாக வாங்கிக்கொள்கிறது. மறுதரப்பு லஞ்சம் என்று தள்ளுகிறது. அது தன்னுடையது என்பதை இருவருமே மறந்துபோகிறார்கள்.

இப்போது என் வகுப்பில் நான்கு கேள்விகள் கேட்கிறேன். கேட்டுப் போராடியவர் யார்? கையெழுத்திட்டவர் யார்? மறுத்தவர் ஏன் மறுத்தார்? அரசு மாறியபோது இழந்தவர் யார்?

"இதுக்கு எத்தனை மார்க் மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான்கு கேள்விக்கும் சேர்த்து எழுதினால்தான் மார்க் என்றேன்.