யாளி: ஒரு சொல்லின் வரலாறு

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி கைமுறுக்கால் பெயர் பெற்றது. அம்மாவட்டத்தின் தாரமங்கலம் கற்சிற்பத்தால் பெயர் பெற்றது. கெட்டி முதலி மரபினர் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் யாளி ஒன்றின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே வராது. சிங்க முகமும் துதிக்கையும் கொண்ட இவ்விலங்கை எவரும் கண்டதில்லை. ஆயினும் அதன் பெயர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கி வருகின்றது.

சங்க நூல்களில் அது 'ஆளி'. பொருநராற்றுப்படை, இளம் கரிகாலனை முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தும் ஆளிக் குருளைக்கு ஒப்பிடுகின்றது. நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் குட்டிக்கே குருளை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் கூறும். அப்பட்டியலில் ஆளி இல்லை. எனினும் புலவர் அதனைப் புலியினத்தோடு சேர்த்தே எண்ணினார் போலும்.

இச்சொல் வடமொழி 'வியாள'த்தின் திரிபு என்பார் உளர். வியாதி, வியாபாரம் முதலிய சொற்கள் தமிழில் வகரத்தை இழக்கவில்லை; இது மட்டும் இழந்தது ஏன் என்பதற்கு அவர்கள் விடை கூற வேண்டும். 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பாரும் உளர். உழைப்பாளி, முதலாளி என்பன அவ்வாறு பிறந்தவையே. ஆயின் அவ்வினை ஒருபோதும் 'யாள்' என வருவதில்லை.

ஆட்டையாம்பட்டியில் இன்று நாம் ஆடு என்பதைப் பழந்தமிழர் யாடு என்றனர். யாறு ஆறாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று. யாளி, ஆளி என்னும் இணையும் இவ்வரிசையில் தடையின்றிப் பொருந்துகின்றது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இதற்கு இடம் தந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அரபு மொழியின் கற்பனைப் பறவையான 'அன்கா'வின் பெயரும் இவ்வாறே தன் பிறப்பைத் தானே காட்டும். கழுத்தைக் குறிக்கும் 'உனுக்' என்பதன் வழிவந்த பெண்பாற் சொல் அது. நெடுங்கழுத்தினள் என்பது பொருள்.

இவ்வாராய்ச்சி நம் இல்லத்துப் பெயர்களையும் தொடுகின்றது. சொல்லின் முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பிய விதி. அதன்படி யாகூப் பொருந்தும். யூசுபும் யூனுசும் பொருந்தா. பிற்கால நன்னூலோ அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிரோடும் யகரம் முதலாகும் என்றது. யஹ்யாவுக்கும் யூசுபுக்கும் யூனுசுக்கும் அவ்விதியில் இடம் உண்டு. பழஞ்சொல்லின் பிறப்பைக் காத்து நின்ற அதே இலக்கணம், புதிய பெயர்களுக்கும் வாயில் திறந்தது. தமிழ் நமக்கும் தாய்மொழி என்பதற்கு இதுவும் ஒரு சான்றன்றோ!