ஐதரசன் நிரப்பல்

ஐதரசனிலிருந்து மின் ஆக்கும் எரிபொருட் கலத்தால் இயங்கும் வாகனத்தின் தாங்கிக்குள் ஐதரசன் வாயுவை உயர் அமுக்கத்தில் பாதுகாப்பாகவும் விரைவாகவும் ஏற்றும் முறை ஐதரசன் நிரப்பல் ஆகும். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்து ஏ40 கார்கள் போத்தலில் இருந்து ஊற்றிய சில துளி பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் ஓடின. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியிலும் எரிபொருள் கானில் கைமாறியது. ஐதரசனோடு இப்படியெல்லாம் சமாளிக்க முடியாது. அமுக்கி, குளிர்விப்பான், வால்வு, உணரி, கணினி எல்லாம் ஒழுங்காக இயங்கினால்தான் ஒரு தாங்கி நிறையும்.

வில்லியம் குரோவ் எரிபொருட் கலத்தின் முதல் வடிவத்தை 1839இல் செய்துகாட்டினார். வாயுவை அடைத்து வைக்கும் வித்தை வேறு வழியாக வளர்ந்தது. 1880களில் பிரித்தானியப் படை தன் பலூன்களுக்காக ஐதரசனை எஃகு உருளைகளில் அமுக்கி ஆபிரிக்காவுக்கு அனுப்பியது. இரண்டும் ஒரே வாகனத்தில் சேர வெகுகாலம் பிடித்தது. 1966இல் ஜெனரல் மோட்டோர்ஸ் உருவாக்கிய எலெக்ட்ரோவானில் இருந்தது திரவ ஐதரசன். அமுக்கிய வாயுவில் ஓடும் பேருந்தை பலார்ட் நிறுவனம் 1993இல் வான்கூவரில் இயக்கிக் காட்டியது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 2003இல் சாதாரண பெற்றோல் நிலைய வளாகத்திலேயே ஐதரசன் பம்பு ஒன்று திறக்கப்பட்டது.

அக்காலப் பேருந்துகளின் தாங்கி அமுக்கம் 350 பார். ஒரு லீற்றர் கொள்ளளவில் 24 கிராம் ஐதரசன் அடங்கும். பேருந்தின் கூரையில் இடமிருந்ததால் அது போதுமானது. கார் தயாரிப்பாளர்கள் 700 பாருக்கு ஏறினர். அமுக்கம் இரட்டித்தாலும் வாயுவின் அளவு இரட்டிக்கவில்லை. லீற்றருக்கு 40 கிராம்தான் கிடைத்தது. ஆனால் அந்த 16 கிராம் மேலதிகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை பெரிது. நிரப்பல் தொழில்நுட்பத்தின் பிந்திய வரலாறு ஏறக்குறைய முழுவதும் வெப்பத்தோடு நடந்த போராட்டம்தான்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போலவே, வேகமாக நிரப்பும்போது தாங்கிக்குள் வாயு நெரிந்து சூடாகிறது. ஐதரசனில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒடுக்கமான வால்வினூடாக விரியும்போது இயற்கை வாயு குளிரும். ஐதரசனோ சாதாரண வெப்பநிலையில் சிறிது சூடாகும். இன்றைய கார்த் தாங்கிகளின் உட்சுவர் பிளாஸ்டிக்கால் ஆனது; அதன்மேல் பிசினில் தோய்த்த காபன் நார் சுற்றப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு விதித்த மேல் எல்லை 85 பாகை செல்சியஸ். எல்லையைத் தாண்டாவிட்டாலும் சூடு ஏமாற்றும். சூடான வாயு ஐதான வாயு என்பதால், மானி நிறைந்ததாகக் காட்டிய தாங்கி ஆறியதும் அமுக்கம் இறங்கும். பணம் கொடுத்தவருக்கு ஓடக் கிடைக்கும் தூரம் குறையும்.

மெதுவாக நிரப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அரைமணி நேரம் பம்படியில் காத்திருக்க எவர் வருவார்? ஆகவே வாயுவைத் தாங்கிக்குள் விடுமுன்பே குளிர்விக்கும் வழி பிறந்தது. நிலையத்தில், பெரும்பாலும் 900 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் சேமித்த ஐதரசன், குழாய் முனைக்கு வரும்போது மறை 33க்கும் மறை 40க்கும் இடைப்பட்ட பாகையில் இருக்கும். இதனால் ஏறத்தாழ 5 கிலோவை மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏற்ற முடிகிறது.

எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதை வகுத்தது வாகனப் பொறியியலாளர்களின் எஸ்.ஏ.ஈ. அமைப்பு வெளியிட்ட ஜே2601 நியமம். 2010இல் தொழில்நுட்பத் தகவல் அறிக்கையாக வெளிவந்து 2014இல் முழு நியமமானது. சுற்றுப்புற வெப்பநிலையையும் தாங்கியில் எஞ்சிய அமுக்கத்தையும் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை பார் கூட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அதன் அட்டவணைகள் சொல்கின்றன. கார்களுக்கான உச்சப் பாய்ச்சல் விநாடிக்கு 60 கிராம். தாங்கியின் வெப்பநிலையைக் கார் அகச்சிவப்புக் கதிர்மூலம் பம்புக்கு அறிவிக்கும் வசதியும் சேர்ந்தது. ஹொண்டா நிறுவனம் வளர்த்த கணிப்பு முறை 2016 திருத்தத்தில் இடம்பெற்றது. வாயு உண்மையில் எவ்வளவு குளிர்ந்து வருகிறது என்பதற்கேற்ப வேகத்தை அது அவ்வப்போது மாற்றுகிறது.

இந்த அட்டவணைகள் மறை 40 முதல் நேர் 50 பாகை வரையான காலநிலைகளுக்கு எழுதப்பட்டவை. ஏப்ரல், மே வெய்யிலில் 33, 34 பாகை காணும் யாழ்ப்பாணத்து உடுவில் போன்ற ஊரில் அமுக்கத்தை நிதானமாகவே கூட்ட வேண்டும். குளிர்விப்பானுக்கும் வேலை அதிகம். ஈரமான காற்று குழாய் முனையில் உறைந்து, அதைக் காரோடு ஒட்டிவிடும் தொல்லையை மேலைநாட்டு நிலையங்களே அறியும் என்றால், கடல் சூழ்ந்த குடாநாட்டில் கேட்கவே வேண்டாம். கடுங்குளிர் இடங்களில் கவலை வேறு. அங்கே தாங்கியை முழு அமுக்கத்துக்கு நிரப்பினால் பின்னர் வெயிலில் அது எல்லை மீறக்கூடும். அதனால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

பாதுகாப்பில் ஐதரசன் பழகிய சமையல் காஸ் போன்றதன்று. 2021 இறுதியில் இலங்கை வீடுகளில் சிலிண்டர் விபத்துகள் தொடர்ந்தபோது, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகித மாற்றம் விசாரணைக்கு வந்தது. அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது சில பார் அமுக்கம்தான். கசிந்தால் மணக்கும்படி வாசனைப் பொருளும் சேர்க்கப்படுகிறது. ஐதரசனில் அதைக் கலக்க முடியாது, அதிலுள்ள கந்தகம் எரிபொருட் கலத்தின் வினையூக்கியைக் கெடுத்துவிடும். காற்றில் 4 முதல் 75 வீதம் வரை ஐதரசன் எரியும். பகலில் அதன் சுவாலை கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். எனவே மூக்கின் வேலையை உணரி செய்கிறது. நிரப்பத் தொடங்குமுன் பம்பு சிறிதளவு வாயுவை அனுப்பிக் கசிவு பார்க்கும். தீயில் அகப்பட்டால் தாங்கியின் வெப்ப வால்வு திறந்து, வெடிக்கவிடாமல் வாயுவை வெளியேற்றும்.

ஈழத்தமிழர் பலர் வாழும் ஒஸ்லோவுக்கு அருகே, சான்ட்விகாவில் 2019 ஜூன் 10இல் ஒரு நிரப்பு நிலையம் வெடித்தது. அருகே சென்ற காரின் காற்றுப்பைகள் விரிந்து இருவர் காயமடைந்தனர். ஆராய்ந்தபோது பம்பிலோ வாகனத்திலோ குற்றமில்லை. சேமிப்புத் தாங்கி ஒன்றின் அடைப்பானில் ஆணிகள் உரிய இறுக்கத்துக்கு முறுக்கப்படாததே காரணம் என்று தெரியவந்தது. நோர்வேயில் டொயோட்டாவும் ஹியுண்டாயும் எரிபொருட் கலக் கார் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தன.

இந்தியாவில் முயற்சிகள் 350 பாரைச் சுற்றியே நகர்கின்றன. 2023 செப்டெம்பர் 25இல் டெல்லியில் தொடங்கிய இந்தியன் ஒயில் பேருந்துகளின் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 30 கிலோ கொள்ளும். நிறைய 10 முதல் 12 நிமிடம் ஆகும். லடாக்கின் லே நகரில், 3,650 மீற்றர் உயரத்தில், என்.டி.பி.சி. நிறுவனம் 1.7 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துடன் நாளொன்றுக்கு 80 கிலோ தரும் நிலையத்தை அமைத்தது. அங்கு ஓடவிருந்த ஐந்து பேருந்துகளும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் தயாரிப்பு. கொச்சிக் கப்பல் தளம் கட்டிய எரிபொருட் கலப் படகு 2024 பெப்ரவரி 28இல் தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. பாரவண்டிகளுக்கு விநாடிக்கு 300 கிராம் வரை பாய்ச்சும் புதிய முனைகள் உலக அளவில் வந்துவிட்டன.

ஐதரசனை நிரப்பும் இடத்திலேயே மின்பகுப்பால் ஆக்குவதானால் கிலோவுக்கு 9 லீற்றர் நீர் வேண்டும். லே அளவில் ஒரு நிலையம் உடுவிலில் இருந்தால் நாளுக்கு 720 லீற்றர். தோட்டக் கிணற்றுக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் சுண்ணக்கல் தரையிலிருந்து வரும் அந்த நீர் வன்மையானது. அயலில் உள்ள சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் இழப்பீடு வழங்க உத்தரவானது. மின்பகுப்புக் கலத்துக்குள் போகுமுன் அந்நீரிலிருந்து எண்ணெய்ச் சுவடும் கனியங்களும் நீங்கியாக வேண்டும். எரிபொருட் கலத்துக்கு வேண்டிய வாயுவின் தூய்மை 99.97 வீதம்.