கல்வி மதவெறிக்கு மருந்தாகுமா?

கொழும்பின் வடபாகத்திலுள்ள கொட்டாஞ்சேனை, கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் ஊர். 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்று அங்கு சென்றது. அதில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் எடுத்துவரப்படுவதாக ஒரு வதந்தி பரவிற்று. புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில் கத்தோலிக்கர் ஊர்வலத்தை மறித்தனர்; கலகம் மூண்டது. இத்தனைக்கும் இதே தேரர் பத்தாண்டுகளுக்கு முன், 1873இல், பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களுடன் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதம் புரிந்தபோது, கேட்டிருந்தவர்கள் அமைதியாகவே கலைந்து சென்றார்கள்.

136 ஆண்டுகள் கழிந்தன. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, மறுபடியும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. லூசியாள் பேராலயத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் அன்று வெடித்த குண்டுகளோடு சேர்த்து மாண்டவர்கள் 260க்கும் மேற்பட்டோர். அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் நேர்த்தி வைத்துச் செல்பவர்களில் சைவர்களும் உண்டென்பது கொழும்பில் வாழ்ந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று.

இவ்விரு ஞாயிறுகளுக்கும் இடையில் இலங்கை கல்வியில் அடைந்த வளர்ச்சி சாமானியமானதல்ல. முன்னர் எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிறு தொகையினர். இன்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர். அப்படியாயின், மதவெறிக்குக் கல்வியே மருந்து என்று மேடைதோறும் சொல்லப்படுவதன் பொருள் என்ன?

விடை காண்பதற்கு அப்பாடசாலைகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவியது 1823இல். ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் அங்கு சிறப்பாகவே கற்பிக்கப்பட்டன. ஆனால் கூடவே வேதாகமமும் படிக்கவேண்டியிருந்தது. பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர், அப்பணியை விட்டு வெளியேறி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமாரின் படிமுறைப் பாடநூல் முறையையே எடுத்துக்கொண்டு அவர் எழுதிய பாலபாடங்களில் படித்தெழுந்த தலைமுறைகள் பல. தெற்கில் 1880இல் வந்திறங்கிய கேணல் ஒல்கொற் பௌத்த பாடசாலைகளுக்கு வழிகோலினார்; ஆனந்தாக் கல்லூரி 1886இல் பிறந்தது. சித்திலெப்பை முதலியோரின் முயற்சியால் மருதானையில் 1892இல் சாஹிராக் கல்லூரி எழுந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் இதே காலத்ததுதான்.

இவர்களைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல். பிள்ளை படிக்கவேண்டுமானால் சமயத்தை விடவேண்டும் என்றிருந்த காலத்தில் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆயினும் விளைவை மறைத்தலும் ஆகாது. ஒவ்வொரு பாடசாலையும் இன்னொரு பாடசாலைக்குப் பதிலாக எழுந்தது. ஆகவே ஊர் முழுவதும் படித்தது, ஆனால் வெவ்வேறு வாங்குகளில் இருந்து படித்தது.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி ஏழைக் குடியானவனின் மகனையும் பல்கலைக்கழகம்வரை ஏற்றிவிட்டது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. வாங்குகள் அப்போதாவது ஒன்றாகியிருக்கலாம்; ஆகவில்லை. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்ற பிரிவு ஒருபுறம். விடுமுறைக் காலமே வேறாகவுள்ள முஸ்லிம் பாடசாலைகள் இன்னொரு புறம். சமயம் பதினோராம் வகுப்புவரை கட்டாய பாடம். ஆனால் அவரவர் சமயம் மட்டுமே. சைவ சமய பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளைக்கு, அடுத்த தெருவுப் பிள்ளை நோன்பு ஏன் பிடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

2019இன் தாக்குதல்காரர்கள் படியாதவர்களல்லர். செல்வ வணிகர் ஒருவரின் புதல்வர் இருவர் அவர்களுள் இருந்தனர். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்கல்வி கற்ற ஒருவர் இருந்தார். இது இலங்கைக்கு மட்டும் உரிய புதுமையுமன்று. 1995இல் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுப் பொதியைக் குடைநுனியாற் குத்தித் திறந்தவர்களுள் ஒருவர் ஹயாஷி இக்குவோ. கெய்யோ பல்கலைக்கழகத்திற் படித்த இருதய சத்திர சிகிச்சை நிபுணர். நெஞ்சைத் திறந்து உயிரைக் காக்கக் கற்ற கை அது. மருத்துவப் படிப்பு மனிதாபிமானத்தைத் தானாகவே ஊட்டிவிடும் என நம்புகிற வைத்தியர்கள் இப்பெயரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மறுபக்கமும் ஒன்றுண்டு. ஸஹ்ரானின் போதனையை முதலில் எதிர்த்தவர்கள் அவரது சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே. 2017இல் சூபி வழியினருடன் அவரது கூட்டத்தார் மோதினார்கள். பொலிஸாரிடம் ஊரவர் முறையிட்டார்கள். மார்க்கத்தை நன்கு கற்றவர்களே அதன் பெயரால் நடந்த பிழையை விரைவில் இனங்கண்டார்கள். சமயக் கல்வி குறைந்தால் வெறி குறையும் என்ற வாதம் இங்கு எடுபடாது.

சைவ யாழ்ப்பாணத்தின் சொந்தக் கணக்கும் இதில் உண்டு. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனையோருடன் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று 1920களின் இறுதியில் கல்விப் பகுதி பணித்தபோது, எதிர்த்தவர்கள் படித்த குடும்பத்தார். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சம ஆசனத்துக்காக அன்று வாதாடியவர்கள் 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார். சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாயிருந்த இயக்கம் அது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அதுவே. அதன் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்த கிறிஸ்தவர்; பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். ஓர் இந்துக் கல்லூரி தன் பிள்ளைகளை ஒரு கிறிஸ்தவரிடம் ஒப்படைத்தது! வாலிபர் காங்கிரசாரும் அவர்களை எதிர்த்தவர்களும் படித்த பாடங்களில் பெரிய வேறுபாடில்லை. வேறுபட்டது யாரோடு கூடியிருந்து பேசினார்கள் என்பதே.

இனி நியூசிலாந்து. 1877ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிற்று, கட்டாயமாக்கிற்று, மதச்சார்பற்றதாகவும் ஆக்கிற்று. கிறிஸ்தவ சபைகளின் பிணக்குக்கு அஞ்சியே மூன்றாவது ஏற்பாடு வந்ததென்பர். கத்தோலிக்கர் ஒதுங்கித் தம் செலவிலே பாடசாலைகள் நடத்தினர். ஏறத்தாழ நூறாண்டுகளின் பின், 1975இன் சட்டத்தாலேயே அவை அரச முறையுடன் இணைந்தன. கொழும்பிற் கிட்டாத பொது வாங்கு ஒக்லாந்தில் இப்படித்தான் கிடைத்தது.

ஆனால் 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் எந்தப் பாடசாலையாலும் அவ்வாறு உருவாக்கப்பட்டவனல்லன். அவன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். பிறருடன் ஒட்டாது வாழ்ந்தவன். இணையக் காணொளிகளே அவனை ஆட்கொண்டன என்பதை 2020 திசெம்பரில் வெளியான அரச விசாரணை அறிக்கை விளக்குகிறது. 2021 செப்டெம்பர் 3இல் ஒக்லாந்தின் நியூ லின் அங்காடியில் கத்தியால் பலரைக் காயப்படுத்தியவரோ, 2011இல் மாணவர் விசாவில் இலங்கையிலிருந்து வந்த தமிழ் பேசும் இளைஞர். படிக்க வந்த அவர் பொலிஸாரின் கவனத்துக்கு வந்தது 2016இல், முகநூற் பதிவுகளால். வாங்கில் இடமிருந்தும் அதில் இராதவர்கள் இவர்கள். அறையைப் பூட்டிக்கொண்டு திரையின் முன் இருப்பவனுக்கு அயலவன் யார்?

ஒக்லாந்தில் சைவப் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் எல்லாரோடும் ஒரே விரிப்பில் இருந்து படிக்கிறார்கள். ஞாயிறு சமய வகுப்பில் மட்டுமே தனித்திருக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் திருமுறையோடு அயலவர் சமயத்துக்கும் சிறிது இடம் ஒதுக்கலாம். நாட்டின் முதற் பள்ளிவாசல் இந்நகரின் பொன்சன்பியில்தான் உள்ளது; பெரிய வகுப்புப் பிள்ளைகளை அங்கு ஒரு முறை கூட்டிச் செல்லலாம், அங்குள்ள பிள்ளைகளைத் திருவிழா நாளொன்றில் கோயிலுக்கு அழைக்கலாம். வருகிற பிள்ளைகள் விக்கிரகத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். வகுப்பு ஆசிரியர்கள் முன்னரே ஆயத்தமாவது நன்று.