இணையப் படிவங்களில் தேதி: எண்முறை எழுத்தும் அதன் சிக்கலும்

தேதியை எண்களால் மட்டும் எழுதும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் நாள் முன்னும் மாதம் பின்னுமாக வரும். அமெரிக்காவில் மாதமே முன் நிற்கும். ஆகவே 03/04/1999 என்பது இந்தியருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நாளெண் 12ஐக் கடவாத தேதிகள் ஆண்டுக்கு 144. அவற்றுள் நாளெண்ணும் மாத எண்ணும் ஒன்றாகிய 12 நீங்க, எஞ்சிய 132 தேதிகளும் ஐயத்திற்கு இடமானவை. கடிதத்தில் இவ்வையத்தைச் சூழல் தீர்த்துவிடும். படிவத்தைப் பெறும் நிரலுக்கு அத்தகைய சூழல் இல்லை.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், தேதியைக் கையாளும் முறையை ஜாவாவிடமிருந்து ஏற்றது. மாதங்களைச் சுழியிலிருந்து எண்ணுதல், ஆண்டில் 1900ஐக் கழித்துக் கூறுதல் ஆகியன அதற்கும் முற்பட்ட சி மொழியின் வழக்கங்களே. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது சில உலாவிகள் ஆண்டினை 100 எனக் கூற, அதன்முன் 19ஐ ஒட்டிய பக்கங்கள் 19100 எனக் காட்டின.

இது கண்ணுக்குத் தெரிந்த பிழை. தெரியாதவையே தீங்கு மிக்கவை. 1999 பிப்ரவரி 30 எனக் கொடுத்தால் அம்மொழி மறுக்காது. மார்ச் 2 என மாற்றிக்கொள்ளும். எனவே, உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் மீண்டும் பிரித்தெடுத்து, பயனர் எழுதியதோடு ஒப்பிடுவது நிரலாளரிடையே வழக்காயிற்று. மற்றொன்று எண்ணுருவைப் பற்றியது. சுழியில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும் சி மொழி மரபினால், எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் செயற்கூறு 08, 09 இரண்டையும் சுழி என்றே படித்தது. ஜூலை வரை செவ்வனே இயங்கிய படிவம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிழைபட்டது. 2009இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புத் தரமே இதனை விலக்கியது.

ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை 1988ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 8601 தரம் முன்னரே வகுத்திருந்தது. 2006இல் ஓப்பரா 9 உலாவி தேதிக்கெனத் தனி உள்ளீட்டுப் பெட்டியைத் தந்தது. காட்டும் வடிவம் எதுவாயினும், அனுப்பும் வடிவம் 1999-04-03 என ஒன்றே என்பது இப்பெட்டியின் நெறி. வரிசை பற்றிய ஐயம் இதனால் ஒழிந்தது. எனினும் இவ்வடிவத்தை ஜாவாஸ்கிரிப்ட் கிரீன்விச் நள்ளிரவாகக் கொள்ளும். இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதால் இங்கு நாள் மாறுவதில்லை. நியூயார்க்கிலோ அதே தேதி ஏப்ரல் 2 எனத் தோன்றும்.