ஆட்டுக்குட்டி விட்ட மூச்சு

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் செவிலியர் ஓர் ஊசியைப் போட்டார். வலியை நிறுத்துவதற்கா என்று கேட்டேன். "இது அம்மாவுக்கு இல்லீங்க, உள்ள இருக்கற குழந்தையோட நுரையீரலுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். தாயின் உடலில் ஏற்றும் மருந்து இன்னும் பிறவாத குழந்தையின் நுரையீரலுக்கு எப்படிப் பயன்படும்? தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு அன்று அது விளங்கவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்த ஊசியின் வரலாறு நியூசிலாந்தின் ஆட்டுக் கொட்டில் ஒன்றில் தொடங்குவதை அறிந்தேன். அவ்வரலாற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கருவறையில் இருக்கும் குழந்தைக்கு நச்சுக்கொடியே நுரையீரல். உயிர்வளி தாயின் குருதியிலிருந்து அதன் வழியாகவே வருகிறது. குழந்தையின் சொந்த நுரையீரலோ நீர் நிரம்பிக் காத்திருக்கிறது. பிறந்த கணத்தில் இந்த ஏற்பாடு முற்றிலும் மாறியாக வேண்டும். நுரையீரலின் நுண்ணறைகள் காற்றால் விரிய வேண்டும். விரிந்தவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு படலம் வேண்டும். கருக்காலத்தின் கடைசி வாரங்களில்தான் இப்படலம் போதிய அளவு சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இதன் குறைவே காரணம் என்பதை மேரி எல்லன் ஏவரி, ஜியர் மீட் ஆகிய இருவரும் 1959ஆம் ஆண்டு காட்டினர். காரணம் தெரிந்தும் கைகொடுக்க வழி தெரியாத காலம் அது. 1963 ஆகஸ்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணி நேரம் மட்டுமே வாழ்ந்து, இந்நோயால் இறந்தான். உலகின் வலிமை மிக்க பதவியில் இருந்த தந்தையாலும் அக்குழந்தைக்கு ஒரு மூச்சை வாங்கித் தர முடியவில்லை.

அந்நாளில் ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றியவர் கிரஹாம் காலிங்வுட் லிக்கின்ஸ். 1926இல் நியூசிலாந்தின் தேம்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்த அவரை நண்பர்கள் 'மாண்ட்' என்றே அழைத்தனர். அவருடைய கேள்வி நுரையீரலைப் பற்றியதே அன்று; பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது யார், தாயா சேயா என்பதே அவர் கேள்வி. விடை தெரிந்தால் குறைப்பிரசவத்தைத் தடுத்துவிடலாம் என்று அவர் எண்ணினார்.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பீட்டர் கென்னடி என்ற கால்நடை நோயியல் அறிஞருடன் அவர் சிறிது காலம் பணியாற்றினார். இடாஹோ மலைப்பகுதியில் ஒருவகை நச்சுப்பூண்டை மேய்ந்த செம்மறிகளுக்கு ஒற்றைக்கண் குட்டிகள் உருவாயின என்பதும், அக்குட்டிகளைச் சுமந்த ஆடுகள் நாள் கடந்தும் ஈனவில்லை என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தன. அக்குட்டிகளின் மூளைப்பகுதி சிதைந்திருந்தது. அப்படியானால் ஈற்று நாளைக் குறிப்பது குட்டியின் மூளையோ? லிக்கின்ஸ் கருவறைக்குள் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்துப் பார்த்தார், ஆடு ஈனவில்லை. குட்டிக்குக் கார்டிசால் ஏற்றினார். உரிய நாளுக்கு வெகு முன்னரே ஈன்றது. குட்டியின் கார்டிசால் நச்சுக்கொடியின் வேதிப்போக்கையே மாற்றிப் பிரசவத்தைத் தூண்டுகிறது என்பது தெளிவாயிற்று. கதவைத் தட்டுவது உள்ளே இருப்பவர்தான்!

ஆனால் மனித நச்சுக்கொடியில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இல்லை. ஆட்டில் கண்ட விடை பெண்ணுக்குப் பொருந்தவில்லை. குறைப்பிரசவத்தைத் தடுக்கப் புறப்பட்டவர் அந்த இலக்கை அடையவில்லை. அடைந்தது வேறொன்று.

மருந்து ஏற்றப்பட்டு மிக முந்திப் பிறந்த குட்டிகளில் ஒன்று, கணக்குப்படி பிழைத்திருக்கவே கூடாத ஒன்று, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஓரளவு காற்றால் விரிந்திருந்தது. பிறர் இதனை ஆய்வின் குறுக்கே வந்த தற்செயல் என்று ஒதுக்கியிருக்கக் கூடும். லிக்கின்ஸ் ஒதுக்கவில்லை. அம்மருந்து நுரையீரலை விரைந்து முதிரச் செய்திருக்கலாம் என்று 1969இல் வெளியான கட்டுரையில் எழுதினார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே, குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் இணைந்து, தாய்மாரிடையே சோதனையைத் தொடங்கினார். நச்சுக்கொடியைக் கடந்து செல்லவல்ல பீட்டாமெத்தசோன் என்ற மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. யாருக்கு எந்த ஊசி என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. 282 தாய்மாரைக் கொண்ட முதல் முடிவுகள் 1972இல் வெளிவந்தன. மருந்து பெறாதோரின் குழந்தைகளில் 25.8 விழுக்காட்டினருக்கு மூச்சுத் திணறல் நோய் வந்தது. பெற்றோரின் குழந்தைகளில் 9.0 விழுக்காட்டினருக்கே வந்தது. பிறந்த முதல் நாட்களின் இறப்பு 15.0 விழுக்காட்டிலிருந்து 3.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பின்விளைவு குறித்த அச்சமும் பழகிய வழியை விட மனமின்மையும் மருத்துவர்களைத் தயங்க வைத்தன. மேலும் பல சோதனைகள் நடந்தன. பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டின. எனினும் ஊசி பரவவில்லை. 1990இல் பட்ரீசியா கிரௌலியும் உடன் ஆய்வாளர்களும் அச்சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு ஐயத்தைப் போக்கினர். அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்களின் வல்லுநர் குழு 1994இல்தான் இதனைப் பரவலாகப் பரிந்துரைத்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்க 1993இல் தோன்றிய காக்ரேன் அமைப்பு, இம்மருந்தின் ஏழு சோதனைகளைக் குறிக்கும் கோடுகளையே தன் சின்னமாகக் கொண்டது. அச்சின்னத்தை நான் பெருமிதத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பதில்லை. அந்த இருபது ஆண்டுகளில் கிடைத்திருக்க வேண்டிய ஊசி கிடைக்காமல் போன குழந்தைகளின் நினைவுக்கல்லாகவும் பார்க்கிறேன்.

தயக்கம் முழுதும் மடமை என்று சொல்லிவிடவும் முடியாது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எளிய வசதிகள் மட்டுமே உள்ள இடங்களில் இம்மருந்தைப் பரப்பியபோது மொத்தச் சிசு இறப்பு கூடியது. கருவின் வயதைச் சரியாகக் கணிக்காமல், நிறைமாதக் குழந்தையைச் சுமந்த தாய்மார் பலருக்கும் ஊசி போடப்பட்டது அதில் கவலைக்குரிய செய்தி. வயதைத் துல்லியமாகக் கணித்து, தக்க மருத்துவமனைகளில் தந்தபோது என்ன நிகழ்கிறது? உலக நலவாழ்வு அமைப்பின் சோதனை இதற்கு விடை தந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில், 2852 தாய்மாரிடம் டெக்சாமெத்தசோன் கொண்டு நடந்த அதன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. சிசு இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து ஒன்றுதான், அதனைச் சூழ்ந்த கவனிப்பே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

லிக்கின்ஸ் 1991இல் சர் பட்டம் பெற்றார், 2010இல் மறைந்தார். அவர் தேடிய விடை, அதாவது மனிதப் பிரசவத்தைத் தொடங்கி வைப்பது எது என்பது, இன்றும் முழுமையாகத் துலங்கவில்லை.

என் தங்கைக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. உள்ளங்கை இரண்டிலும் அடங்கும் அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் விலா எலும்புகள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அவள் பள்ளிக்குச் செல்கிறாள். மாடிப்படியில் ஓடி ஏறி மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். அந்த இரைப்பைக் கேட்கும்போதெல்லாம், முகமறியாத ஓர் ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொள்கிறேன்.