வானக் குளிரும் எஞ்சின் கணப்பும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறி வாழும் நம்மவர் கம்பளியின் அருமையை அதிகம் அறியார். மார்கழி விடியலிலும் ஒரு மேல்துண்டு போதும். ஆயினும் இதே மும்பை நகரத்தின் காந்திவலிப் பகுதியில், விமானி அமோல் யாதவ் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றை உருவாக்கினார். 2016 பிப்ரவரியில், தாராவிக்கு மிதி ஆற்றின் அக்கரையிலுள்ள பாந்திரா-குர்லா வளாகத்துக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இத்தகைய சிறு விமானத்தில் உயரே செல்பவர் குளிரை எவ்வாறு தாங்குவார்? அந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு ரயிலேறி, உதகையில் நடுங்கி இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சராசரியாக 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 6.5 டிகிரி குறைகிறது. 3,000 மீட்டர் உயரத்தில், தரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 20 டிகிரி குறைந்துவிடும். அத்துடன் விமானத்தின் வேகத்தால் எழும் காற்றும் உடலின் சூட்டைப் பறித்துச் செல்லும்.

தொடக்கத்தில் இக்கவலை எழவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு விமானம் ஒன்றைக் கட்டுவித்து 1910-ஆம் ஆண்டு பறக்கவிட்டார். தரையை விட்டு எழுவதே அந்நாளில் அரிய செயல். குளிரை எண்ண நேரமில்லை. பறப்பு மணிக்கணக்கில் நீண்டபோதுதான் குளிர் பகையாயிற்று.

முதல் தற்காப்பு உடையே. விமானிகள் கம்பளி உள்வைத்த தோலாடைகளை அணிந்தனர். தோலின் பெருமையைத் தாராவித் தமிழருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1917-இல் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி ஓர் உண்மையைக் கண்டார்: எண்ணெயும் கிரீசும் ஊறிய அவருடைய பழைய வேலையுடை, மற்றவர்களின் கனத்த உடைகளைவிட நன்றாகக் குளிர் காத்தது. காற்று புகாமையே காரணம் என்றறிந்து, மென்மயிர், பட்டு, நெருங்க நெய்த துணி ஆகிய மூன்று அடுக்குகளால் முழு உடை ஒன்றை அமைத்தார். அது பின்னர் ‘சிட்காட்’ உடை எனப் புகழ்பெற்றது.

1930-இல், 17 வயதே ஆன ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குத் தனியே பறந்து வந்து ஆகாகான் பரிசை வென்றது, மேலே கூரையற்ற ‘ஜிப்சி மாத்’ விமானத்தில்தான். அப்போட்டியில் எதிர்த்திசையில் பறந்த ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜுஹுவுக்குத் தபால் கொண்டுவந்தபோது ஓட்டிய ‘புஸ் மாத்’ விமானமோ மூடிய அறை உடையது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே கடிதங்கள் வானில் பறக்கத் தொடங்கிய நாள் அது.

காற்றை அடைத்தாயிற்று, இனிச் சூடு எங்கிருந்து வரும்? எஞ்சினில் சூட்டுக்குக் குறைவில்லை. எரிந்த புகை வெளியேறும் குழாயைச் சுற்றித் தகட்டால் ஓர் உறையிட்டு, இடையே வெளிக்காற்றைச் செலுத்தினால் அது சூடேறி அறைக்குள் வரும். ஒற்றை எஞ்சின் உடைய சிறு விமானங்கள் பலவற்றில் இன்றும் இம்முறையே வழங்குகிறது. ஆனால் இந்தக் கணப்பில் ஒரு கூற்றுவனும் ஒளிந்திருக்கிறான். உள்ளேயுள்ள குழாயில் மயிரிழை போன்ற விரிசல் கண்டாலும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சூடான காற்றோடு கலந்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்புடன் அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பிறகு உறக்கம்.

2019 ஜனவரி 21 இரவு, பிரான்சிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று கடலில் வீழ்ந்தது. கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் மாண்டனர். சாலாவின் இரத்தத்தில் இந்நச்சு மிகுதியாக இருந்ததைப் பிரிட்டிஷ் விசாரணையாளர் கண்டறிந்தனர். விமானியையும் அது பாதித்திருக்கக்கூடும் என்று முடிவு செய்தனர். ஆகவேதான் சிறு விமானம் வைத்திருப்போர் குளிர்காலத்திற்கு முன் புகைக்குழாயைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். அபாயம் உணர்த்தும் கருவியையும் உள்ளே பொருத்திக்கொள்ள வேண்டும். மயக்கம் தோன்றினால் கணப்பை மூடி, வெளிக்காற்றைத் திறந்துவிட்டு, விரைவில் தரையிறங்க வேண்டும்.

விமானம் நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணற்க. டில்லியிலும் கான்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தை மாதக் குளிரில் கதவடைத்துக் கரியடுப்பு மூட்டும் அறையிலும் பிறப்பது அதே வாயுதான். குளிரை வெல்லும் கலையைப் படிப்படியாகக் கற்ற விமானிகள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் எளியது: நெருப்பின் சூட்டை அருகே அழைக்கலாம், அதன் புகையை வெளியே நிறுத்திய பிறகே அழைக்க வேண்டும்.